தலைகீழாக ஆறுவது

ஹுவாலியெனில் கேக்கைப் புகழ
ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு:
"இனிப்பு அதிகமில்லை."
யாராவது அதைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு
அரைமணி முன்பே கடையைச் சாத்திவிடுவேன்.

யான் போசெங் அதைச் சொன்னதில்லை.
சுங்கத்துறையில் முப்பது வருடம்
பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்,
தன் வாயை அதிகம் திறக்கமாட்டார்.
பேசுவதெல்லாம் ரூயின்தான்.
அக்டோபரில் அவள் பிறந்தநாள்,
முதல் துண்டு தீருமுன்னே சொல்வாள்:
"நல்லா இருக்கு. அடுத்த வருசம்
இன்னும் கொஞ்சம் குறை."

கொஞ்சம் என்றால் பத்து கிராம்.
தொண்ணூறில் தொடங்கினோம்.
எண்பது, எழுபது,
படியிறங்கிக்கொண்டே இருந்தாள்.

சர்க்கரை இனிக்க மட்டும் இல்லை என்று
அவளிடம் எப்படிச் சொல்வது?
ஐந்து முட்டையின் வெள்ளைக்கரு பொங்கும்போது
ஒவ்வொரு குமிழியையும் நில் என்று நிறுத்துவது அதுதான்.
குறைத்தால் நுரை நீர்விடும்.
மழைநாளில் கேட்கவே வேண்டாம்,
இங்கே மழையில்லாத நாளைத்தான்
தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும்.

ஐம்பதுக்கு வந்த வருடம்
எலுமிச்சை நாலு சொட்டு கூட்டினேன்.
வெண்ணெய் கனம், எண்ணெய்க்கு மாறினேன்.
இருப்பதிலேயே மெலிந்த மாவை
மூன்று முறை சலித்தேன்.
கிண்டவில்லை; இரண்டு பேர் போர்வை மடிப்பார்களே
அப்படி மடித்து மடித்துச் சேர்த்தேன்.
தகரத்தில் எண்ணெய் தடவவில்லை,
தடவினால் வழுக்கும்.
சுவரைப் பற்றிக்கொண்டுதான் அது ஏற வேண்டும்.

அடுப்பிலிருந்து எடுத்ததும்
சோளச் சாராயப் புட்டியின் கழுத்தில்
தகரத்தைக் கவிழ்த்து மாட்டுவோம்.
வேலைக்கு வந்த முதல் நாள்
காய்ஷின் அலறினாள்: "விழுந்துடும் அக்கா!"
நிமிர்த்தி வைத்தால்தான் விழும் என்றேன்.
இதற்கு ஆறுதல்
தலைகீழாகத்தான்.

இந்த வருடம் அவர் தனியாக வந்தார்.
மார்ச்சிலேயே மீன்கடையில் கேள்விப்பட்டிருந்தேன்.
இருந்தும் பழக்கதோஷம்,
"ஐம்பதா, நாற்பதா?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கண்ணாடிப் பெட்டியையே பார்த்து நின்றார்
குடையிலிருந்து தரையில் ஒரு குளம் தேங்கும்வரை.
"எனக்கு இனிப்பு பிடிக்கும்" என்றார்,
பெட்டியின் அடித்தட்டில் ஒளித்ததைத்
தானே எடுத்து நீட்டும் பயணியின் குரலில்.
"எப்பவுமே பிடிக்கும்.
தொண்ணூறு போடு."

போட்டேன்.
நுரை தானாக நின்றது, பளபளவென்று,
துடைப்பத்தின் நுனியில் கொக்கியாய் வளைந்து.
பத்து வருடத்தில் இவ்வளவு சுலபமாய் ஒன்று வந்ததில்லை.
அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் சின்னதாய் ஒரு நிலநடுக்கம்.
புட்டிகள் ஒன்றோடொன்று முட்டி மணியடித்தன,
நாலு கேக்குகள் அந்தரத்தில் ஆடின.
காய்ஷின் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
எதுவும் விழவில்லை.

அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தே தின்றார்,
முதல் துண்டு முழுசாய்,
இரண்டாவதில் பாதி.
"இனிக்குது" என்றார்.

இந்த ஊரில் அது புகார்.
முகத்தைப் பார்த்தேன்,
புகாரும் இருந்தது, வேறொன்றும் இருந்தது,
எது மேலே எது கீழே என்று பிரிக்க முடியவில்லை.
மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தேன்.
வாசலில் குடையை விரித்தபடி
"அடுத்த வருசம்..." என்றார்,
ஒரு லாரி போனது, பளிங்குக் கல் ஏற்றி,
அது போன பிறகும்
அவர் முடிக்கவில்லை.

நோட்டில் அவர் பெயர் எழுதினேன்.
அக்டோபர், தேதி.
கிராம் என்ற கட்டத்தை
அப்படியே விட்டுவிட்டேன்.